விளக்கு வைத்த பிறகு கேட்ட சீனி

போட்டோஸ்டேட் மிஷினிலிருந்து வரும் தாள் சுடச்சுட இருக்கும். ஏர்கோன் குளிரில் அந்தத் தாள்கட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வது எனக்கு ஒரு சுகம்... தெங்கேராவில் ஒரு சின்ன அச்சுக்கடையில் தமிழ் டைப்பிங் பார்த்த காலம் அது. கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா என்று ஊரில் எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும்!

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. என் மேசைக்கு வந்தது ஜைனப் அக்கா கையால் எழுதிய நாலு பக்கம். புக்கிட் காத்திலில் எங்கள் பக்கத்து வீடு. ஞாயிறுதோறும் தமிழ் முஸ்லிம் பெண்களுக்கு வீட்டிலேயே வகுப்பு எடுப்பார். அந்த வாரம் குர்ஆனில் ஒரு குட்டி அத்தியாயம், அல்மாஊன். ஏழே வசனம்.

பொதுவாக நான் படிக்காமல்தான் டைப் அடிப்பேன். அன்று படித்தேன்.

மக்காவில் ஒரு பெரிய மனிதன். வாரா வாரம் ஒட்டகம் அறுப்பவன். ஓர் அனாதைப் பிள்ளை வந்து கொஞ்சம் இறைச்சி கேட்க, கைத்தடியால் அடித்து விரட்டினானாம். அப்படிப்பட்டவனைக் குறித்து இறங்கியது இது என்று ஒரு கருத்து. அவன் யார் என்பதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்வதால் பெயர் போடவில்லை என்று ஓரத்தில் அக்கா குறித்திருந்தார்.

தீர்ப்பு நாளைப் பொய் என்பவன் யார் தெரியுமா, அனாதையைத் தள்ளிவிடுகிறவன், ஏழைக்குச் சோறு போடத் தூண்டாதவன் என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் திடீரென்று தொழுகிறவர்கள் பக்கம் திரும்புகிறது. தொழுகையில் அக்கறை இல்லாமல், ஊர் பார்க்கத் தொழுதுவிட்டு, அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுக்கிறவர்களுக்குக் கேடுதான் என்று முடிகிறது. அந்த அற்பப் பொருள்தான் மாஊன். சிலர் அதை ஜக்காத் என்னும் கடமையான தர்மம் என்பார்களாம். பலர் சொல்வது, பக்கத்து வீட்டில் கேட்கும் சட்டி, வாளி, ஊசி, உப்பு...

சந்தேகம் தாங்காமல் போன் போட்டேன்.

"என்னாக்கா இது, சாமி கும்பிடறவங்களையே திட்டுது?"

"அதாம்மா அதுல பயமே. கும்பிடாதவன விடு... நம்மளத்தான் கேக்குது."

அந்தக் கடைசி வசனத்தைத் தடித்த எழுத்தில் போட்டேன். ரொம்பப் பிடித்துப்போனது. நமக்கெல்லாம் இது பொருந்தாது என்ற நினைப்பு வேறு. கொடுக்கிற கை என் கை என்று எனக்கே ஒரு பெருமை!

சாயங்காலம் ஏழு மணி. வீட்டுக்காரர் கிலாங்கில் ஷிப்ட். தலைக்குக் குளித்து, விளக்கு வைத்து, சாம்பிராணி போட்டு முடித்தேன். பின்பக்க கிரில் கதவைத் தட்டும் சத்தம். ஜைனப் அக்கா.

"சுமதி, கொஞ்சம் சீனி இருந்தா குடேன்."

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு உப்பு, பால், சீனி என்று எந்த வெள்ளைப் பொருளும் வீட்டை விட்டுப் போகக்கூடாது, லெட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது என் அம்மாவின் சட்டம். எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்தும் அம்மா அதை விடவில்லை. நானும் விடவில்லை.

"ஐயோ அக்கா, விளக்கு வச்சிட்டேனே... காலையில தரவா?"

அக்கா என் தோளுக்குப் பின்னால் எரிந்த விளக்கைப் பார்த்தார். "ஓ, வெள்ளிக்கிழமலா... மறந்துட்டேன்மா. பரவால்ல, பரவால்ல." என்னிடமே மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

கிரில்லைச் சாத்தினேன். தேத்தண்ணிக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த வீட்டில் சீனியே வாங்க மாட்டார்கள். அவர் கணவர் சுலைமான் அண்ணனுக்கு இனிப்பு நீர் வியாதி. தினமும் ஊசி. அப்படியென்றால் இந்த நேரத்தில் சீனி எதற்கு?

அந்தப் பக்கத்து வீட்டு கேட்டை அக்கா தட்டுவது கேட்டது. யாரும் திறக்கவில்லை. மறுபடி ஓடிவரும் செருப்புச் சத்தம். அப்புறம் அவர் குரல்...

"ஏங்க... கண்ணத் தொறங்க! ஏங்க!"

சீனி டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அண்ணன் சோபாவில் சரிந்து கிடந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. "ஊசி போட்டுட்டு சாப்பிடாம படுத்துட்டாரு, ஒடம்புல சீனி இறங்கிருச்சு" என்று அக்கா அழுதார். சீனியைத் தண்ணீரில் கரைத்தேன். அக்கா தலையைத் தாங்கிப் பிடிக்க, கரண்டி கரண்டியாக ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது. விழுங்குகிறாரா... விழுங்கினார். இன்னொரு கரண்டி. ஒரு பக்கம் நான் முருகா முருகா என்கிறேன், மறுபக்கம் அக்கா யா அல்லாஹ் என்கிறார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் வருகிறது வருகிறது என்றார்களே தவிர வரவில்லை. சுவர்க் கடிகாரத்தை உடைத்துப் போடலாம் போல இருந்தது.

கடைசியில் கண்ணைத் திறந்து, "சுமதியா... நீ எப்பமா வந்த?" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணனுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா!"

"விளக்கு வச்சிட்டேன்னு சொன்னல்ல... உன் சாமி காரியத்துல நான் எப்படிம்மா அதுக்கு மேல கேப்பேன்?"

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறமும் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தோம். அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் இறைச்சி வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும். ஆனால் ஒரு வெங்காயம், ஒரு ஊசி நூல்... எதையும் அவர் என்னிடம் மறுபடி கேட்டதில்லை. அவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது அவர்கள் உம்பாயில் மகள் வீட்டில். நாங்கள் அடுக்குமாடியில். ஒரே மாடியில் பன்னிரண்டு கதவு, ஒருவர் வீட்டை ஒருவர் தட்டுவதில்லை. சீனி வேண்டுமென்றால் போனில் அமுக்கினால் வாசலுக்கு வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை விளக்கு இன்னும் வைக்கிறேன். அம்மாவின் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். விட்டு என்ன பயன், கேட்க ஆள் வேண்டுமே...

போன வாரம் அக்காவுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல், "ஏதாச்சும் வேணுமாக்கா?" என்றேன்.

"எல்லாம் இருக்கும்மா. உனக்கு என்னா வேணும், அதச் சொல்லு."

ஒரே ஒரு தடவை நீங்கள் என்னிடம் ஏதாவது கேளுங்கள் அக்கா... அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.