இரண்டு எல்லைக்கற்களுக்கு நடுவே

அந்த வாய்க்கால் ஒவ்வொரு வருடமும் பாதிதான் சுத்தமாக இருக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் எங்கள் ஆட்கள் ஏரிப் பக்கத்திலிருந்து தூர் வாரிக்கொண்டே வருவார்கள். எல்லை வந்ததும் மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதற்குக் கீழே அடுத்த உட்கோட்டத்தின் பொறுப்பு. அவர்களுக்கு நிதி வருவது மழை ஓய்ந்த பிறகு. அதனால் அவர்கள் வருவது தை மாதத்தில். காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்காலை மிகவும் சிரத்தையாக வாருவார்கள்.

சேலையூருக்குக் கிழக்கே வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலம். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. ஏரிகளையும் அவற்றின் உபரிநீர் வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறையில், தாம்பரத்து உட்கோட்ட அலுவலகத்தில், நான் தட்டச்சர். ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ். ஓர் இடத்தில் உட்கார முடியாத ஆளுக்கு உட்கார்ந்தே செய்யும் வேலை எப்படி வாய்த்ததோ தெரியாது. ஒரு பக்கம் அடித்தால் எழுந்து போய் ஜன்னலில் நிற்பேன். மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். பிறகு கார்பன் தாள்களைச் சரிசெய்து அடுத்த பக்கம்.

பாதி வாரிய வாய்க்கால், வாராத வாய்க்காலைவிட மோசம். மேல்பாதியில் தண்ணீர் தடையில்லாமல் ஓடி வரும். ஓடிய வேகத்தில், ஆகாயத்தாமரையும் கட்டட இடிபாடும் அடைத்த கீழ்ப்பாதியில் முட்டும். முட்டிய தண்ணீர் நிற்காது, பக்கவாட்டில் படியேறும். பக்கவாட்டில் ஒரு காலனி இருந்தது. கடன் வாங்கிக் கட்டிய வீடுகள், பூசாத சுவர்கள், முருங்கை மரங்கள்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் ஒரு பெண். ஏ.இ. அம்மா என்போம். மொபெட்டில் வருவார், புடவை ஓரத்தில் எப்போதும் சேறு. ஒரு வருடம் அவர் எல்லையில் நிற்கவில்லை. ஆட்களைக் காலனி முடியும் இடம் வரை வாரச் சொல்லிவிட்டார். அந்த ஐப்பசியில் காலனிக்குள் தண்ணீர் வரவில்லை. வராத தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. தணிக்கை கவனித்தது. ‘அடுத்த உட்கோட்டத்தின் எல்லைக்குள் அனுமதியின்றிச் செலவு செய்யப்பட்டுள்ளது’ என்று ஆட்சேபம் வந்தது.

அதனால் என்ன என்று வெளியாள் கேட்கலாம். அந்தச் சமயம் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஏ.இ. அம்மாவின் முறை அது. ஆட்சேபம் தீராதவர் பெயர் பட்டியலில் ஏறாது. அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்கள் அவருக்கு மேலே போய் உட்காருவார்கள். பிறகு ஓய்வு பெறும் வரை அவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் எங்கள் உட்கோட்ட அதிகாரி அவரைக் கூப்பிட்டு, “எல்லையோட நிறுத்திக்கோங்கம்மா, தயவு செஞ்சு” என்றார். நிறுத்தினார். காலனிக்குள் முட்டளவு தண்ணீர். மக்கள் மனு எழுதிக் கோட்டைக்கு அனுப்பினார்கள்.

ஆட்சேபமும் மனுவும் ஒன்றாகச் சேர்ந்து சட்டமன்றக் குழுவிடம் போய்ச் சேர்ந்தன. துறைகள் செலவழித்ததைச் சரிபார்க்க, சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட குழு அது. வழக்கமாகக் கோட்டையில் உட்கார்ந்து உயரதிகாரிகளை அழைத்துக் கேட்கும். இந்த முறை இடத்தையே பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

அலுவலகம் பிடரியில் தேள் விழுந்த மாதிரி ஆயிற்று. குழு அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்களை நான் அடித்தேன். அதிகாரி திருத்தினார், மீண்டும் அடித்தேன். எல்லை, எல்லை, எல்லை. அந்த எழுத்துகள் மட்டும் இயந்திரத்தில் தேய்ந்துபோயிருக்கும் என்று தோன்றியது.

எல்லை எது என்பதில்தான் சிக்கல். வரைபடத்தில் ‘சிறுபாலம் வரை’ என்றிருந்தது. வரைபடம் போட்ட நாளில் அங்கே ஒரு சிறுபாலம்தான். மனை விற்றவர் லாரி போக்குவரத்துக்காகக் கீழே இன்னொன்று கட்டினார். இரண்டு பாலங்களுக்கும் நடுவேதான் காலனி. பாலத்தடியில் நட்டிருந்த பழைய எல்லைக்கல், வீடுகள் எழும்பிய காலத்தில் காணாமல் போயிருந்தது.

எங்கள் அதிகாரி யோசித்து முடிவெடுத்தார். “மேல் பாலம்தான் எல்லை. காலனியில தண்ணி வந்ததுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்ப அம்மாவோட ஆட்சேபம் அப்படியே நிக்குமே சார்” என்றேன்.

“ஒருத்தருக்காக ஆபீஸையே மாட்டிவிடச் சொல்றியா?”

கெட்டவர் இல்லை. பயந்தவர்.

மதகு, வாய்க்கால் வேலைகளுக்கான எங்கள் லஸ்கர் மேல் பாலத்தடியில் புதுக்கல் ஒன்றை நட்டு, வெள்ளையடித்து, கறுப்பில் எழுதிவிட்டு வந்தார். ஏ.இ. அம்மா மொபெட்டை நிறுத்திக் கல்லைப் பார்த்திருக்கிறார்.

“அம்மா இன்னா சொன்னாங்க?” என்று லஸ்கரிடம் கேட்டேன்.

“இன்னா சொல்றது. ‘பெயின்ட் நல்லா அடிச்சிகிறே’ன்னாங்க. எனக்கே பேஜாரா பூட்ச்சு சார்.”

இதே நாட்களில் அடுத்த உட்கோட்டத்திலும் இதே யோசனை நடந்திருக்கிறது. வெள்ளம் தங்கள் தலையில் விழக் கூடாது என்று அவர்களும் ஒரு கல் நட்டார்கள், கீழ்ப் பாலத்தடியில். அது எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் ஆட்கள் யாரும் எல்லை தாண்டிப் போவதில்லை. எங்கள் கல் அவர்களுக்குத் தெரியவில்லை, அவர்களும் போவதில்லை. அவ்வளவு ஒழுக்கமான இரண்டு அலுவலகங்கள்.

குழு வந்த காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. சொல்வதைக் குறித்துக்கொள்ள என்னையும் ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே பாதையின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோடு. கோலப்பொடி போட்ட மாதிரி வாய்க்கால் கரையோடு நேராகப் போய், மேல் பாலத்துக் கல்லில் சட்டென்று நின்றது.

குழுத் தலைவர் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். தெற்கத்திக்காரர். கல்லைப் படித்தார். “இதோட உங்களுது முடிஞ்சுதாக்கும்?”

“ஆமாங்க ஐயா” என்றார் எங்கள் அதிகாரி.

தலைவர் நிற்காமல் நடந்தார். எல்லோரும் பின்னால் நடந்தோம். நான் அந்தத் துண்டில் கால் வைத்தது அன்றுதான். துவைத்த துணி, கோழிகள், சுவர்களில் தண்ணீர் நின்ற கறை. கீழ்ப் பாலத்தில் அடுத்த உட்கோட்ட அதிகாரி மாலையோடு காத்திருந்தார். அவர் காலடியில் பளபளவென்று இன்னொரு கல். அங்கிருந்து மறுபடியும் தொடங்கியது பிளீச்சிங் கோடு.

தலைவர் மாலையை வாங்கவில்லை. “உங்களுது எங்கேருந்து?”

“இந்தக் கல்லுலேருந்துங்க ஐயா.”

தலைவர் திரும்பி மேல் பாலத்தைப் பார்த்தார். நடுவில் கோடு இல்லாத பாதையைப் பார்த்தார். “அப்ப நாம நடந்து வந்தது எந்த நாடு?”

இரண்டு அதிகாரிகளும் முதன்முறையாக ஒருவர் கல்லை மற்றவர் பார்த்தார்கள்.

“பழைய கல்லு ஒண்ணு இருந்திருக்கணுமே, அது எங்க?”

வேலி ஓரத்தில் வாளியோடு நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தாள். “கல்லா? எங்க வூட்டாண்ட கீது சார். துணி தோய்க்கிறோம்.”

“எங்கேருந்தும்மா எடுத்தீங்க?”

“மேஸ்திரி கொண்ணாந்து போட்டாரு. எங்கேருந்துன்னு யாரு கேட்டா? சோப்பு வெக்கறதுக்குத் தோதா இருந்திச்சு. ஏன் சார், அதையும் புடுங்கிகினு பூடுவீங்களா?”

குழுவில் சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கோப்பை வாங்கி விரித்தார். “அடுத்த உட்கோட்டத்தோட எல்லைக்குள்ள செலவு பண்ணிட்டாங்கன்னு ஆட்சேபம். அடுத்த உட்கோட்டம் என்னடான்னா இது என் எல்லையே இல்லங்குது. யாரும்மா அந்த ஏ.இ.?”

ஏ.இ. அம்மா முன்னால் வந்தார். புடவை ஓரத்தில் அன்றும் சேறு. காலையிலேயே மதகைப் பார்க்கப் போயிருப்பார்.

“எல்லை தாண்டுறோம்னு தெரிஞ்சுதான் பண்ணீங்களா?”

எங்கள் அதிகாரி அவரைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். இல்லை என்று சொல்லிவிடு என்ற ஆட்டல். எந்தப் பாலம் எல்லை என்று தெளிவாக இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

“தெரிஞ்சுதான் சார்” என்றார் ஏ.இ. அம்மா. “நாங்க வாரினதாலதான் தண்ணி வேகமா வருது. வேகமா வர்ற தண்ணிய இவங்க வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டு, என் வேலை முடிஞ்சுதுன்னு எப்படி சார் எழுதறது? ஒண்ணு மேலயும் வாரியிருக்கக் கூடாது. இல்ல, கீழ வரைக்கும் வாரியிருக்கணும்.”

நான் குறித்துக்கொண்டேன். மேலே கொக்குகள் வரிசையாக ஏரிக்குப் போயின, எந்தக் கல்லையும் பார்க்காமல்.

தலைவர் கோப்பை மூடினார். “ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்லிட்டீங்க. அப்ப இந்தத் துண்டு இந்த அம்மாவோட பிரிவுக்குத்தான். எழுதிக்கோங்க.”

வாளிக்காரப் பெண் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: “அக்கா, நம்ம தெருவு அந்த அம்மாவுதாம்!”

குழுவின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆட்சேபத்தைக் கைவிடலாம் என்றும், இரு பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதி எங்கள் உட்கோட்டத்தைச் சேர்ந்தது என்றும் அதில் இருந்தது. நிதி பற்றி ஒன்றும் இல்லை. பட்டியலில் ஏ.இ. அம்மாவின் பெயர் வந்தது. அந்த ஆணையை அலுவலகம் முழுக்கக் கைமாற்றி வாசித்தோம். எங்கள் அதிகாரியே லட்டு வாங்கி வரச் சொன்னார். அவர் முகத்தில் இருந்த நிம்மதி நிஜமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவரை எங்கே போட்டார்கள்? அடுத்த உட்கோட்டத்துக்கு. கீழ்ப் பாலத்துக்குக் கீழே உள்ள வாய்க்காலுக்கு அவர் அதிகாரி.

கோட்டத்து அலுவலகத்தில் தினமும் போய் உட்கார்ந்து, தைக்கு வரும் நிதியைப் புரட்டாசியிலேயே வாங்கிவிட்டார். கீழ்ப்பாதி முழுவதும் மழைக்கு முன்பே சுத்தமானது, அங்கே முதல்முறையாக. எங்கள் பக்கம் புதிதாக வந்த இளம் பொறியாளர் மேல் பாலம் வரை வாரிவிட்டு, நடுத்துண்டுக்கு நிதி இல்லை என்று கைகட்டி நின்றார்.

ஒரு மதியம் எங்கள் பழைய ஏ.இ. அம்மா அலுவலகத்துக்கு வந்தார். வெளியே மழைக் கருக்கல். என் மேஜையருகே நின்றபடியே புதியவரிடம் பேசினார்.

“தம்பி, மேலயும் சுத்தம், கீழயும் சுத்தம். நடுவுல அடைச்சு வெச்சிருக்கீங்க.”

“நிதி இல்ல மேடம். நீங்களே ஆளுங்கள அனுப்பிட்டீங்கன்னா...”

“எனக்கு அங்க கால் வைக்க அதிகாரம் இல்ல. வெச்சா என்ன ஆகும்னு உங்க ஃபைல்லயே இருக்கு, எடுத்துப் படிங்க.” பிறகு குரல் தணிந்தது. “அந்த வீடுங்கள்ள சுவத்துக் கறை இன்னும் போகல தம்பி. போய் ஒரு தடவை பாருங்க.”

புதியவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வாசலில் நின்ற லஸ்கர்தான் பேசினார்: “அம்மா துண்டு தானே? நம்ம ஆளுங்கள இட்டுகினு நாளைக்கே முட்ச்சிடலாம் சார். மத்த எடத்துல ஒரு நாள் கொறைச்சிக்கலாம்.”

அலுவலகத்தில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா துண்டு.

மழை பிடித்த அன்று என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையோடு போனேன். கீழ்ப் பாலத்தில், தன் கல்லுக்கு அந்தப் பக்கமாக, அம்மா நின்றிருந்தார். நான் இந்தப் பக்கம் நின்றேன். காலனி வாசல்களில் ஆட்கள் மேலே பார்த்தபடி காத்திருந்தார்கள்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர், ஒரு ஒற்றைச் செருப்பையும் முருங்கைக் கிளை ஒன்றையும் சுமந்துகொண்டு, மேல் பாலத்தைக் கடந்து, வீடுகளைக் கடந்து, எங்கள் இருவர் காலடியிலும் பாலத்துக்குள் புகுந்து கீழே போனது. வாசல்கள் நனையவில்லை.

“போயிடுச்சு” என்றார் அவர்.

“போயிடுச்சு மேடம்” என்றேன்.

மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். கீழே இன்னும் நீளமாக வாய்க்கால் இருந்தது. அதோடு கூடவே போனார்.