ஆங்கிலம் தெரிந்த மகள்

யுத்த காலம் அது. உடன்குடிக் கருப்பட்டியைக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரம் அப்பாவுக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணியில் சரக்கு ஏற்றும்போது சிப்பம் ஒன்று சரிந்து அவர் தலையில் விழுந்துவிட்டது. தகவல் வந்து அம்மாவும் நானும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை.

எனக்கு அப்போது பதினேழு வயது. நாசரேத்தில் விடுதியில் தங்கி இங்கிலீஷ் படித்தவள். "எம் மவ வெள்ளக்காரன்கிட்டயே பேசுவா" என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். உண்மையில் நான் எந்த வெள்ளைக்காரரிடமும் பேசியதில்லை. 'இன்', 'ஆன்', 'அண்டர்' எல்லாம் மேஜையையும் பூனையையும் வைத்துப் படித்தவைதான். ஒரு வினைச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டால் இந்தச் சின்னச் சொற்கள் அர்த்தத்தையே புரட்டிவிடும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆண்கள் வார்டு என்பதால் எங்களை வெளியே வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்த நர்ஸ் சீமையிலிருந்து புதிதாக வந்தவள்; தமிழ் தெரியாது. என் தோளைத் தொட்டு, "வீ வில் லுக் ஆஃப்டர் ஹிம்" என்றாள். லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் பிறகு.

"பெறகு பாப்பாங்களாம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"பெறகா? மனுசன் இப்பிடிக் கெடக்காரு, இப்பம் பாக்க மாட்டாளாமா?" அம்மா அழுதாள்.

நர்ஸ் அப்போதே உள்ளே போய் அப்பாவின் தலைக்கட்டை மாற்றத் தொடங்கியிருந்தாள். சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கிறதே என்று நினைத்தேனே தவிர, என் இங்கிலீஷைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது என்று பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் வேகமாக வெளியே வந்தாள். "ஹி இஸ் கமிங் ரவுண்ட்!" என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் உள்ளே ஓடினாள். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வராந்தாவிலிருந்த எல்லாரையும் விரட்டியிருந்தார்கள்.

"டாக்டர் ரவுண்ட்ஸ் வாராராம்மா. நாம வெளிய போவணும்" என்றேன்.

அம்மா முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. இட்லிக் கடைக்குக் கூட்டிப்போனேன். பிறகு கொஞ்ச நேரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். திரும்பியபோது நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். டாக்டர் வருவதாக நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டரை அல்ல, அப்பாவைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். 'கம் ரவுண்ட்' என்றால் நினைவு திரும்புவது என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். அப்பா கண் திறந்திருக்கிறார், பேசியிருக்கிறார். பிறகு மறுபடியும் நினைவு தப்பிவிட்டது.

என்ன பேசினார் என்று கேட்டேன். அவளுக்கு ஒரு சொல்தான் காதில் நின்றிருந்தது.

"ஏளா, ஏளா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஏளா யார்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அது பெயரில்லை. எங்கள் பக்கத்தில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கும் அவர் வாயில் அதுதான், எனக்கும் அதுதான். அதை எடுத்துச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அம்மாவையும் என்னையும் கையால் காட்டி, "அஸ்" என்றேன்.

விடியும்போது அப்பா இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "ரவுண்டுன்னா ரவுண்டுதான? நீ என்ன செய்வ" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். சற்றுக் கழித்து, "தண்ணி கேட்டிருப்பாரோ?" என்றாள்.

சாகும்வரை அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.