தறிக்குழி வீக்கம் என்று சொன்னார்கள்

கண்ணுகளா, உங்கள் அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலில் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது, உங்கள் பெரியப்பா நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஒரு பேச்சுப் பேசினார். நீங்களும் கேட்டீர்கள். "எப்படியும் போறவ போயிட்டா. அன்னைக்கே ஊட்டுல வெச்சிருந்தா இத்தனை அலைச்சல் இருந்திருக்காது" என்றார். சாப்பிட வந்தவர்களை வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சை மனசில் வைத்துக்கொண்டு நீங்கள் வளரக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன்.

மேட்டூர் அணை கட்டி முடிந்த சமயம். ஜலகண்டாபுரத்தில் நம் வீட்டில் அப்போது இரண்டு தறி. ஒன்றில் நான், ஒன்றில் உங்கள் அம்மா. குழித்தறியில் உட்காருகிறவன் காலை உள்ளே தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அப்படி இருந்தால் யார் காலும் வீங்கும். எங்கள் தெருவில் வீங்காத கால் கிடையாது. அதனால் கால் வீக்கத்தை யாரும் நோய் என்றே நினைக்க மாட்டோம். குழி வீக்கம் என்போம். விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவோம்.

உங்கள் அம்மாவுக்குக் கால் வீங்கியபோது நானும் அதையேதான் சொன்னேன். அண்ணனைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். முதல் தப்பு என்னுடையது. நாலு மாதம் விளக்கெண்ணெய் தடவினேன்.

பிறகு கிணற்றிலிருந்து ஒரு குடம் தூக்கிவருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். அதற்குப் பிறகு படுக்கவே முடியவில்லை. "படுத்தா நெஞ்சு மேல ஆரோ ஏறி உக்கார்ற மாதிரி இருக்குதுங்க மாமா" என்பாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். குழியில் வருகிற வீக்கம் மூச்சைப் பிடிக்குமா? எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனேன்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதில் பெரிய டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அவள் காலைப் பார்த்தார்.

"நெசவா?"

"ஆமாங்க."

"உங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கறதுதான். டானிக் எழுதறேன். போயிட்டு வா."

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பின்னாலேயே ஒரு சின்ன டாக்டர் வந்தார். வயசு என்னைவிடக் குறைச்சல்தான் இருக்கும். தாழ்வாரத்து பெஞ்சில் உங்கள் அம்மாவை உட்காரவைத்து, குழாயை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலா படுத்திருந்தியாம்மா?"

"ஆமாங்க. பத்து வயசுல. ஒரு மாசம் எந்திரிக்கவே இல்லீங்க."

"காய்ச்சல் போயிடுச்சு. போறப்போ இருதயத்துல ஒரு கதவைச் சுருக்கிட்டுப் போயிருக்கு" என்றார். அந்தக் கதவு சரியாகத் திறக்காததால் ரத்தம் பின்னாலேயே தேங்கி நிற்கிறது, அந்த நீர்தான் காலில் இறங்குகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"அப்பொறம் ஏனுங்க டானிக்?"

அவர் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினார். படுக்கை கொடுக்கிற அதிகாரம் பெரியவருக்குத்தான். குழாயில் கேட்ட சத்தத்தைப் பற்றிச் சொன்னால், ரத்தம் குறைந்தவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்கும் என்பார். வீக்கத்தைச் சொன்னால், நெசவாளி என்பார். "ரெண்டு வீக்கத்தையும் பிரிச்சுக் காட்டணும். ஒரு வருஷமா அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். குழியில வர்ற வீக்கம் ராத்திரி காலை நீட்டிப் படுத்தா விடியறதுக்குள்ள வடிஞ்சிடும். இந்தம்மாவுக்கு இருக்கிற மாதிரி முத்தின வீக்கம் வடியாதுன்னு நினைக்கிறேன். நினைச்சாப் போதாது. ஒரு தெரு முழுக்க சாயங்காலம் ஒரு தடவை, விடியறப்போ ஒரு தடவை காலை அளக்கணும். என்னை யார் வீட்டுக்குள்ள விடுவாங்க?"

"என்னை விடுவாங்க" என்றேன். விடுவார்களா என்று எனக்கே தெரியாது.

அளக்கிற டேப் ஒன்று கொடுக்கட்டுமா என்று கேட்டார். அதில் இருக்கிற கோடெல்லாம் பார்த்து எழுதிவருவது எனக்குச் சரிப்படாது. நூல் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே தெருவில் இறங்கினேன். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி நீலச்சாயத்தில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு மேலே நூலைச் சுற்றி, நூல் சேருகிற இடத்தில் கத்தரிப்பு. மறுநாள் விடியற்காலையில் பாயை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் அதே பொட்டு மேலே இன்னொரு நூல். இரண்டையும் ஒரு முனையில் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

முதல் வீடு உங்கள் பெரியப்பா வீடு. வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏண்டா, பாடைக்கு அளவெடுக்க வந்தியா?"

"இல்லீங்ணா. உங்க தம்பி பொண்டாட்டிக்காக."

"அவளுக்கு அளவெடுக்கற நேரம் நெருங்கிப்போச்சு. அதைச் செய்யி. என்ற காலைத் தொட்டே, மிதிக்கட்டையாலயே போடுவேன்."

அவர் தம்பி பெண்டாட்டியைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். அவள் இரண்டு வீடு தள்ளி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே காலைக் கொடுத்தார்கள். ஆனால் அன்று நான் ஒரு மடத்தனம் செய்தேன். குறுக்கு நூல் சுற்றிவைக்கிற தார்க்கட்டையில் இருந்த பச்சை நூலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கஞ்சி போடாத நூல் இழுத்தால் இழுத்தபடி வரும். ராத்திரி சந்தேகம் வந்து என் காலையே மூன்று தடவை அளந்தேன். மூன்றும் மூன்று நீளம். பிறந்ததிலிருந்து நூலோடு கிடக்கிறவன் செய்கிற காரியமா அது? அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டு, கஞ்சி போட்டு முறுக்கேறிய பாவு நூலை எடுத்துக்கொண்டு மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து போனேன்.

"நேத்து ஒரு அளவு, இன்னைக்கு ஒரு அளவு. நாளைக்கு என்ன, கொலுசு போட்டுவிடுவியா?" என்று கேட்டார் ஒருத்தர். தெரு முழுக்கக் காலில் நீலப்பொட்டோடு நடந்தது. சந்தைக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்து, எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டீர்கள் என்று கேட்டார்கள்.

ஆம்பளைக் கால் சேர்ந்தது. பொம்பளைக் காலுக்கு என்ன செய்வது? என்னைத் தொட விடுவார்களா? அவர்கள் கால் இல்லாமல் கொண்டுபோனால், உன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று பெரிய டாக்டர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். அதை வீட்டில் சொல்லி அலுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி அப்போது மகளைப் பார்க்க வந்து தங்கியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்திருந்தார். என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. அவர்தான் எழுந்து வந்தார்.

"மாப்ளே, அந்த நூலை இங்கிட்டுக் குடுங்க."

"நீங்களா அத்தை?"

"ஆத்தாளுக்கு வேண்டினது வேண்டினதாவே இருக்கட்டும். இதையும் பாத்துருவோம்."

பாட்டி ஒவ்வொரு வீடாகப் போய் அதட்டியது எனக்குத் தெருவில் நின்றாலே கேட்டது. "என்ற மவ உக்காந்துக்கிட்டே தூங்கறா. வெக்கம் என்னடி வெக்கம், காலை நீட்டு." விடியற்காலையில் போய் எழுப்பினதற்குச் சண்டைக்கு வந்தவளிடம், "எந்திரிச்சு நின்னுட்டுச் சண்டை போடாதே, அளந்த பொறவு போடு" என்றாராம்.

நாற்பது ஜோடிக்கு மேல் சேர்ந்தது. உங்கள் பெரியப்பா கால் மட்டும் அந்தக் கட்டில் இல்லை.

சேலத்துக்கு உங்கள் அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். நான் பேசாமல் நூல் கட்டை அவிழ்த்து மேசை மேல் பரப்பினேன். சின்ன டாக்டர் சுவரோரமாக நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா இது? துணி விக்க வந்திருக்கியா?"

"எங்க தெருக் காலுங்க. நீளமானது சாயங்காலம். குட்டையானது விடியற்காலம். நீங்களே ஒண்ணை எடுத்துப் பாருங்க."

"எனக்கு வேற வேலை இருக்கு."

"எனக்கும் தறி நிக்குதுங்க. பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க, போறேன்."

இதை எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, ஒரு பெரிய மனுஷரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் ஒரு ஜோடியை எடுத்தார். முடிச்சைப் பிடித்துத் தொங்கவிட்டார். ஒன்று நீளம், ஒன்று ஒரு விரல்கடை குட்டை. இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். மூன்று ஜோடி மட்டும் இரண்டு நூலும் சரிசமமாகத் தொங்கின. அவற்றைத் தனியாக வைத்தார்.

"இது யார்?"

"யானைக்கால் வந்த ஒரு பெரியவருங்க. பத்து வருஷமா இருக்குது."

"இது?"

"அவருக்கு விடிஞ்சா முகமும் சேர்ந்து வீங்குதுங்க." பெரிய டாக்டர் சின்ன டாக்டரைப் பார்த்தார். சின்ன டாக்டர், அவரைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும் என்றார்.

"இது?"

"என்ற சம்சாரங்க. வெளிய உக்காந்திருக்கா."

எழுந்து வந்தார். நாற்காலியை விட்டு எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தார். உங்கள் அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். சின்ன டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். இரண்டு பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணினார்கள்.

"எண்பத்தெட்டு" என்றார் பெரியவர்.

"நூற்றி முப்பது" என்றார் சின்னவர்.

பெரியவர் மறுபடி எண்ணினார். ஏறக்குறைய அதேதான் வந்தது. நெஞ்சில் அடிக்கிற அடியெல்லாம் கைக்கு வந்து சேரவில்லை என்று சின்ன டாக்டர் என் காதோரம் சொன்னார். எனக்கு அது உடனே விளங்கியது. தறியில் நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும், நூல் அறுந்திருந்தால் துணி வளராது. கேட்கிறவனுக்குத் தறி ஓடுகிற மாதிரியே இருக்கும்.

"பெட் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் உள்ளே போனார். நூல் கட்டை நான் திருப்பிக் கேட்டேன். அதை அவர் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சின்ன டாக்டர் அந்த விவரத்தை எழுதிச் சென்னைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். அனுப்பினாரா, அச்சில் வந்ததா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து யார் போனாலும், விடியற்காலையில் வீக்கம் வடிகிறதா என்றுதான் அங்கே முதலில் கேட்டார்கள். அது தெரியும்.

டிஜிட்டாலிஸ் என்று ஒரு செடியின் இலையிலிருந்து எடுத்த சொட்டு மருந்து கொடுத்தார்கள். உப்பை அடியோடு நிறுத்தினார்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் நாடியை எண்ணினார்கள். அதிகமானால் அதே மருந்து ஆளை வீழ்த்திவிடும் என்று என்னையும் உட்காரவைத்து எண்ணப் பழக்கினார்கள். மூன்றாம் நாளிலிருந்து நீர் பிரிந்தது. கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆறாம் நாள் மத்தியானம் நான் போனபோது உங்கள் அம்மா மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பயந்து போய்க் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து, "தூங்கறவளை எதுக்குங்க எழுப்பறீங்க" என்றாள்.

அந்தக் கதவை யாராலும் சரிசெய்ய முடியவில்லை. சின்ன டாக்டர் அதை அன்றே என்னிடம் மறைக்காமல் சொன்னார். மருந்தும் பத்தியமும் இருந்தால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார். ஒன்பது வருஷம் தள்ளினோம். தினமும் விடிந்ததும் நான் நாடி எண்ணினேன், பிறகு சொட்டு விட்டேன். உப்பில்லாத சோற்றை உங்கள் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே தின்றாள். பெரியவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறியில் உட்காரவைக்கலாம் என்று நான் சொன்னபோது, மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்து ஜெயித்தாள். சின்னவளே, உனக்குப் பால்பல் விழுந்ததை அவள் பார்த்தாள். நீ பெரியவளானதையும் பார்த்தாள். இதுதான் உங்கள் பெரியப்பா சொல்கிற அலைச்சல். இன்னொரு தடவை அலையச் சொன்னாலும் அலைவேன். கடைசியில் எல்லாரும்தான் போகிறோம். அதற்காக அன்றே போகவிடு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? யாராவது உங்கள் முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னால், என்னை மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள்.

அந்த ஆறாம் நாள் அவளுக்கு மாற்றுச் சேலை எடுக்க நான் மட்டும் ஊருக்கு வந்தேன். பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். நீங்கள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். சேலையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சுவர் கண்ணில் பட்டது. இத்தனை நாள் அவள் உட்கார்ந்து தூங்கிய இடத்தில், தலை சாய்ந்த உயரத்துக்கு, எண்ணெய் ஊறி ஒரு கை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. பொங்கலுக்கு அடித்ததில் மிஞ்சிய சுண்ணாம்பு அடுக்களையில் இருந்தது. தண்ணீர் விட்டுக் கரைத்து, தேங்காய் மட்டையை நசுக்கிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் மட்டும் பூசினேன். காயக் காய எண்ணெய் மேலே வந்தது. மறுபடி பூசினேன். அப்போதும் மங்கலாகத் தெரிந்தது. பஸ் போய்விட்டாலும் அடுத்த பஸ் இருக்கிறது என்று மூன்றாம் தடவையும் பூசிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன்.