தேய்த்தும் போகாத கருப்பு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரு ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் நடந்தது இது. மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் பின்னங்கழுத்தில் கருப்பாக ஒரு பட்டை படர்ந்திருந்தது. பார்த்தால் அழுக்கு மாதிரியேதான் இருக்கும். நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பயத்தமாவு, எலுமிச்சம்பழம், பீர்க்கங்காய் நார் என்று உட்கார வைத்துத் தேய்ப்பேன். அவள் அழுவாள். தோல் சிவக்குமே தவிர, கருப்பு அசையாது.

கீழே விளையாடும் பிள்ளைகள், "நீ குளிக்கவே மாட்டியா?" என்று கேலி செய்திருக்கிறார்கள். அதிலும் மேல்மாடிக் கன்னடக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். மகள் கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம், டியூஷன், டிவி, அவ்வளவுதான் அவள் உலகம். டியூஷன் விட்டு ஸ்கூட்டரில் வரும்போது முனை பேக்கரியில் பஃப்ஸும் பாட்டில் ஜூஸும் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துவது என் வேலை.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். களிம்பு எழுதிக் கொடுப்பார் என்று பார்த்தால், பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், எப்போது விளையாடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றுதான் விஷயத்தைச் சொன்னார்.

"இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா இப்படிக் கருக்கும். சர்க்கரை வியாதி இன்னும் வரல. ஆனா வாசல்ல வந்து நிக்குது. பேக்கரி, ஜூஸ் எல்லாம் நிறுத்துங்க. தினமும் நல்லா ஓடியாடி விளையாடட்டும். அதைத் திருப்பி அனுப்பிடலாம்."

பத்து வயசுப் பிள்ளைக்குச் சர்க்கரையா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவர் சர்க்கரைக்குத் தினம் மாத்திரை விழுங்குவதைப் பார்க்கிறவள் நான். வீட்டுக்கு வந்ததும், "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று மகளிடம் சொல்லிவைத்தேன். பொம்பளைப் பிள்ளை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம்.

மறுநாள் சாயங்காலம், டாக்டர் சொன்னபடி மகளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு, பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே மகளின் குரல் கேட்டது.

"இது ஒண்ணும் அழுக்கு இல்ல. எனக்கு சுகர் வரப் பாக்குது. ஓடி விளையாடினா போயிடும்னு டாக்டர் சொன்னாரு."

போச்சு, மானம் போச்சு என்று அப்படியே நின்றுவிட்டேன். முதலில் வாயைத் திறந்தது அந்த மேல்மாடிப் பெண்தான்.

"ஹௌதா? நிஜமாவா? அப்ப வா, ஓடலாம்."

பரிதாபம் இல்லை, புத்திமதி இல்லை. அடுத்த நிமிஷம் சந்து முழுக்க ஒரே ஓட்டம். பெரியவர்கள் நாங்களாக இருந்தால் 'ஐயோ பாவம்' என்று ஆரம்பித்து, யார் வீட்டு வழியில் இந்த வியாதி வந்தது என்பதுவரை பேசியிருப்போம். ஏன்டி சொன்னாய் என்று அன்று மகளைக் கேட்டேன். "சொல்லலைன்னா அழுக்குன்னுதானேம்மா நினைப்பாங்க?" என்றாள்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்து கதவைத் தட்டுவாள். "ஆன்ட்டி, லகோரிக்கு ஆள் கம்மி, அவளை அனுப்புங்க." கல் அடுக்கி, பந்தால் அடித்து, அது சிதறும்போது ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. டியூஷனுக்கு நானும் மகளும் நடந்தே போனோம். பேக்கரி வாசலில் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட நாட்கள் உண்டு. அந்த வாசனைக்கு நானும் தடுமாறியவள்தான். வீட்டில் ராகி ரொட்டியும் காயும் கூடின. "மகள் பேரைச் சொல்லி என் வாயையும் கட்டிட்டே" என்று கணவர் முனகிக்கொண்டே சாப்பிட்டார்.

மாதங்கள் போயின. மறுபடி பரிசோதனை செய்ததில் சர்க்கரை அளவு சரியாக இருந்தது. இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றும்போது மகளின் முடியை ஒதுக்கினேன். கழுத்தில் லேசான நிழல் மட்டும்தான் மிச்சம். நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கவும், "தேய்க்கப் போறியாம்மா?" என்று பயந்து கேட்டாள். ஈரத்தோடு கட்டிக்கொண்டேன்.

இப்போதும் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டால், அடுப்படியில் என்ன வேலை இருந்தாலும் ஒரு நொடி நின்றுவிடுவேன். எங்கள் வாசலில் வந்து நின்ற வியாதியை விரட்ட, அதே வாசலுக்கு வந்தது 'வா, ஓடலாம்' என்று கூப்பிட்ட ஒரு சின்னப் பெண்தான்.