பாதி உதட்டுக்காரி

திக்கெலின் கீழுதட்டில் இடப்பக்கம் மட்டும் கருநீலம். வலப்பக்கம் பிறந்தபடியே இருந்தது. இரண்டும் சேரும் கோடு சரியாக நடுவிலும் ஓடவில்லை, ஒரு கம்பு மணி அளவுக்குத் தள்ளிப்போயிருந்தது. ஊசி அங்கேதான் நின்றுபோனது. அதற்கப்புறம் நாற்பத்துமூன்று வருஷங்களாக, யாரிடம் பேசினாலும் தலைத்துணியின் முனையை இழுத்து வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். சந்தையில் வெங்காயம் விற்கும்போது ஒரு கை துணிக்குப் போய்விடும், மிச்சமிருக்கும் ஒரு கையால்தான் நிறுப்பாள்.

ஆற்றங்கரையில் சிஞ்சு வெந்தே என்ற அந்த ஊரில், கல்யாண வயது வந்த பெண்ணுக்கு உதடும் ஈறும் பச்சை குத்துவது வழக்கம். குத்துகிறவள் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். படுத்திருப்பவள் மட்டும் மூச்சுவிடும் சத்தத்துக்கு மேல் ஒரு சத்தம் போடக் கூடாது. பதினைந்து வயதில் திக்கெல் போட்டாள். பாதி உதட்டில் "அம்மா!" என்று கத்தி, குத்துகிறவள் கையைத் தட்டிவிட்டு, எழுந்து ஆற்றங்கரைக்கு ஓடிப்போய்ப் பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

அன்றோடு சம்பந்தம் முறிந்தது. பேசி வைத்திருந்தது சொந்த அத்தை மகன் சம்பாவை. ஊசிக்கு எழுந்து ஓடுகிறவள் நாளைக்குப் பிரசவத்துக்கும் ஓடுவாள் என்று அத்தை வீட்டில் கையை விரித்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒரு படகோட்டிக்கு அவளைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர், உதட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பல வருஷம் கழித்து ஒரே ஒரு மகளைக் கொடுத்துவிட்டு, அப்புறம் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்.

ஊர் மறந்திருக்கும். மறக்கவிடாதவள் சம்பாவின் அக்கா தக்கோ. அத்தை பிள்ளைகளுக்கும் மாமன் பிள்ளைகளுக்கும் அங்கே கேலி முறை உண்டு. ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்தால் கோபித்தவருக்குத்தான் அவமானம். தக்கோவுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. பெயர் சூட்டும் விருந்தென்றால் வாசலிலேயே, "பாதி உதடு வந்தாச்சு, பாதி தட்டு சோறு வைங்கடி!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். துணிக்குப் பின்னால் திக்கெலும் சிரித்தாக வேண்டும். கேலிதானே, வலிக்காது என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எப்போதும் கல்லெறிகிற பக்கத்தில் நிற்பவர்கள்.

இப்படிப்பட்ட தக்கோவின் கையில் திக்கெலின் மகள் வாழ்க்கை போய் மாட்டிக்கொண்டதைத் தலையெழுத்து என்று சொல்லாமல் என்ன சொல்வது? மகள் ஹூலே தலைநகரில் நர்ஸ் படிப்புப் படித்தாள். அங்கே அவள் மனசு போய் விழுந்தது சம்பாவின் மகன் யேரோ மேல். பள்ளி ஆசிரியன், தங்கமான பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத அவனை வளர்த்தது அத்தை தக்கோ. அவள் தலையாட்டாமல் அவன் கல்யாணம் செய்துகொள்ள முடியாது, செய்துகொள்ளவும் மாட்டான்.

ஹூலே லீவுக்கு ஊர் வந்த மூன்றாம் நாள், முற்றத்தில் கம்பு குத்திக்கொண்டிருந்தபோது அங்கியின் கழுத்து தோளைவிட்டு நழுவியது. தோள்பட்டையில் கட்டைவிரல் அளவுக்குப் பச்சை குத்திய ஒரு பறவை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பள்ளிவாசல் வேப்பமரத்தடியில் பெரியவர்கள் கூடினார்கள். இறைவன் கொடுத்த உடம்பில் கிறுக்குவது பாவம் என்றார் இமாம்.

"அப்போ நம்ம வீட்டுக் கிழவிங்க உதடு?" என்று கேட்டார் மீன்பிடித்து ஓய்ந்த ஹமிது.

ஊரிலேயே அதிகமாகக் கறுத்த உதடு இமாமின் மனைவிக்குத்தான். இமாம் தொண்டையைக் கனைத்தார். "அது தெரியாத காலத்துல குத்தினது."

"என்ன பறவைன்னு விசாரிச்சீங்களா? கம்பங்கதிரைத் தின்னுட்டுப் போற அந்தச் சனியன் பிடிச்ச குருவியா இருந்தா ஊருக்குள்ளயே விடக் கூடாது" என்றார் ஹமிது.

பெண்கள் பக்கம் இன்னும் மோசம். காதுக்கு ஆறு ஓட்டையும் மூக்குக்கு ஒன்றுமாகக் குத்தி வளையம் மாட்டியிருந்த ஒரு கிழவி, "பச்சை உடம்பைக் கெடுத்துக்கிட்டாளே பாவி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை, மனதாரத்தான் வருந்தினாள்.

மறுநாள் காலையில் தக்கோ வந்தாள். திக்கெல் தண்ணீர் கொடுத்தாள். தக்கோ குடிக்கவில்லை.

"எங்க, காட்டு."

ஹூலே தோளைக் காட்டினாள். தக்கோ விரலால் தடவிப் பார்த்தாள், நகத்தால் சுரண்டியும் பார்த்தாள்.

"யாரு குத்துனது?"

"பட்டணத்துல ஒரு ஆளு, அத்தை. பொம்பளைதான்."

"வலிச்சுதா?"

"இல்ல அத்தை. முதல்லயே மரத்துப்போற மருந்து தடவிடுவாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. போன்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நல்ல பதில் சொன்னதாகத்தான் அந்தப் பெண் நினைத்தாள். தக்கோவின் முகம் இறுகியதைத் திக்கெல் பார்த்தாள்.

"கேட்டியாடி பாதி உதடு?" என்று தக்கோ திரும்பினாள். "நீ பாதியிலயாவது எந்திரிச்ச. உன் மக படுக்கவே இல்ல. இமாம் ஆயிரம் சொல்லட்டும், பச்சை குத்துனது தப்புன்னு நான் சொல்லல. வலிக்காம குத்துனா அது பச்சையா? கடையில போய்ச் சட்டை வாங்குற மாதிரி வாங்கிட்டு வந்திருக்கா. எங்க வீட்டுக்கு வர்றவ நாளைக்குப் புள்ள பெறணும், பஞ்சம் வந்தா தாங்கணும். ஆத்தாளும் தாங்கல, மகளும் தாங்கலன்னா நான் எதை நம்பி எடுக்கிறது?"

"மதினி, அவ சின்னப் பொண்ணு..."

"வர்ற வியாழக்கிழமை. என் வீட்டு முற்றத்துல. உதடு வேண்டாம், ஆஸ்பத்திரி வேலைக்கு ஆகாது. மேல் ஈறு மட்டும். அல்தினே வந்து குத்தட்டும். மருந்து கிருந்து எதுவும் கிடையாது. சத்தம் போடாம படுத்துட்டான்னா அடுத்த நாளே கல்யாணத்துக்கு நாள் குறிச்சிரலாம். சத்தம் போட்டான்னா யேரோவுக்கு வேற இடம் பார்க்கிறேன்."

"சரி அத்தை" என்றாள் ஹூலே, அம்மா வாயைத் திறப்பதற்குள்.

தக்கோ போனதும் திக்கெல் மகள் மேல் பாய்ந்தாள். "உனக்குப் புத்தி இருக்கா? அது என்னன்னு தெரியுமா உனக்கு? எண்ணி ஏழு ஊசியைச் சேர்த்துக் கட்டியிருப்பா. ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் குத்துவா."

"பட்டணத்துலயே எத்தனையோ பொண்ணுங்க ஈறு குத்திக்கிறாங்கம்மா. பல்லு வெள்ளையாத் தெரியுதுன்னு. ஊசி நான் கொண்டு வர்றேன், பிரிக்காத புது ஊசி. சீக்கு எதுவும் வராது."

"நான் சீக்கைச் சொல்லலடி. வேண்டாம்னு சொல்லிரு. யேரோ இல்லாட்டி இன்னொருத்தன்."

ஹூலே அம்மாவின் கையைப் பிடித்தாள். துணி முனையைப் பிடித்திருந்த கை. "வீட்டுக்குள்ள நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். அப்பவும் நீ வாயை மூடிக்கிட்டுத்தான் பேசுற. எனக்கு யேரோ வேணும். அவங்க சொன்ன இடத்துலயே படுத்து எந்திரிச்சுக் காட்டுறேன்."

அந்த நான்கு நாளும் திக்கெலுக்குச் சோறு இறங்கவில்லை. தயிரும் கம்புக் குருணையும் தட்டில் அப்படியே காய்ந்தன. மகள் தாங்க மாட்டாள் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தன் ரத்தம் அல்லவா?

வியாழக்கிழமை தக்கோவின் முற்றத்தில் இருபது பெண்கள் கூடினார்கள். பச்சை குத்தும் அல்தினே தோல் வேலை செய்யும் குடியைச் சேர்ந்தவள். அவள் அம்மாவுக்கும் இதே தொழில்தான், திக்கெலுக்குப் பாதி குத்தியதும் அந்த அம்மாதான். நிலக்கடலையைக் கருக்கி அரைத்த கரியைக் கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்தாள் அல்தினே. ஹூலே கொடுத்த புது ஊசிகளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துவிட்டு, அவற்றையே நூலால் சேர்த்துக் கட்டினாள்.

ஹூலே படுத்தாள். குடுக்கைகள் முழங்கின.

அங்கே உட்கார்ந்திருக்கும் கிழவிகள் யாரும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதில்லை, பாதத்தைத்தான் பார்ப்பார்கள். கால்விரல் மடங்கினால் பயந்துவிட்டாள் என்று அர்த்தம். குதிகால் தரையைத் தேய்த்தால் அவ்வளவுதான், முடிந்தது கதை. திக்கெலும் பாதத்தையே பார்த்தாள்.

அல்தினே மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினாள். சின்னச் சின்னதாக, தையல்காரன் ஓட்டுகிற வேகத்தில் குத்தினாள். ரத்தத்தைப் பஞ்சால் ஒற்றிக் கரியை அப்பினாள். மறுபடியும் குத்தினாள். முதல் இரண்டு பல்லுக்குப் பாதம் அசையவில்லை. தக்கோ புருவத்தை உயர்த்தினாள். மூன்றாவது பல்லில் இடது கட்டைவிரல் துடித்தது. நான்காவதில் ஐந்து விரல்களும் மடங்கின. இரண்டு கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதியில் நிறுத்திப் பெண்ணின் தலையைத் திருப்பி வைத்து, அல்தினே மறுபக்கம் ஆரம்பித்தாள். ஐந்தாவது பல்லில் ஹூலேயின் வயிறு உள்ளே ஒட்டியது, தொண்டைக் குழி மேலேறியது. அடுத்து என்ன வரும் என்பது அந்த முற்றத்தில் திக்கெலைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது.

அது வருவதற்குள் அவள் கத்தினாள்.

"ஐயோ! அல்லாவே! கொல்றாளே!"

குடுக்கைகள் நின்றன. வேலியோரம் கட்டியிருந்த ஆடுகள் அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன.

"அடியே! உன்னை யாருடி குத்துனா?" என்று தக்கோ எழுந்தாள்.

"யாரும் குத்தல மதினி. கத்தணும்போல இருந்துச்சு. ஐயோ! அம்மா!"

"வாயை மூடுடி! பொண்ணு சத்தம் போடுறாளா இல்லையான்னு கேக்க வேண்டாமா?"

"கோவிச்சுக்காதீங்க மதினி, கேலி முறைதானே? நாப்பத்துமூணு வருஷம் நீங்க விளையாடினீங்க, நான் சிரிச்சேன். இன்னைக்கு நான் விளையாடுறேன், நீங்க சிரிங்க. ஐயோ! செத்தேனே!"

தக்கோ மறுபடி உட்கார்ந்தாள். கோபப்பட்டால் இருபது பேர் முன்னால் அவளுக்குத்தான் அவமானம். அல்தினே தலை நிமிரவே இல்லை, ஊசி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திக்கெல் மூச்சு தீர்ந்தால் இழுத்துக்கொண்டு மறுபடி கத்தினாள். மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். துணி முனை எப்போது கையைவிட்டுப் போனது என்று அவளுக்கே தெரியாது. பாதி உதடு ஊர் பார்க்கத் திறந்து கிடந்தது. ஹூலே கத்தினாளா, முனகினாளா, இல்லை கல்லாகக் கிடந்தாளா என்று அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. எட்டாவது பல் முடிந்து அல்தினே ஊசியைக் கீழே வைத்த பிறகுதான் திக்கெல் நிறுத்தினாள். தொண்டையில் காற்று மட்டும் மிச்சமிருந்தது.

ஹூலே எழுந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. தக்கோ அவள் முன்னால் குந்தினாள்.

"உங்கம்மா கத்தினது ஆத்துக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும். அதை விடு. நீ சத்தம் போட்டியா? உன் வாயால சொல்லு."

ஒரு தலையசைப்பு போதும். அந்த ஒரு தலையசைப்புக்காகத்தான் திக்கெல் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். இல்லையென்று ஆட்டு, தாயே, ஆட்டிவிடு என்று கண்ணால் கெஞ்சினாள்.

ஹூலே வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். "போட்டேன் அத்தை. ரெண்டு மூணு தடவை. அழவும் செஞ்சேன்."

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. திக்கெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா எந்திரிக்கல" என்றாள் ஹூலே. "கீழ் ஈறும் குத்தணும்னா இப்பவே படுக்கிறேன். அழுதுக்கிட்டேதான் படுப்பேன். பொய் சொல்லி உங்க வீட்டுக்கு வர மாட்டேன்."

ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அல்தினேதான் பேசினாள்.

"அதென்ன அழுதேன் அழுதேன்னு பெரிசாச் சொல்ற? அழாத பொண்ணு ஒருத்தியை நான் பார்த்ததில்ல. நீங்க எல்லாம் காலைப் பார்க்கிறீங்க. தலை என் மடியில கிடக்குது. கண்ணுத் தண்ணி காதோரமா வழிஞ்சு எங்க விழுகும்? ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய்த் துணி மாத்துறவ நானு." அவள் தக்கோவை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் குத்துனது எங்கம்மா. அன்னைக்குத் துணியைப் புழிஞ்சு காயப்போட்டுட்டுத்தான் சோறு தின்னேன்னு சொல்லுவா. வெளிய சொல்லக் கூடாது, தொழில் தர்மம். இன்னைக்கு வாயில வந்திருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. இமாமின் மனைவி தரையைப் பார்த்தாள். காதில் ஆறு ஓட்டைக் கிழவி மூக்கை உறிஞ்சினாள். தக்கோ தன் தலைத்துணியால் ஹூலேயின் முகவாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் நாள் குறிக்க ஆளுங்களை அனுப்புறேன்" என்றாள்.

குடுக்கைகள் மறுபடி முழங்கின. பெண்கள் திக்கெலின் தோளைத் தட்டி வாழ்த்தினார்கள். மகள் ஜெயித்துவிட்டாள், சந்தோஷப்பட வேண்டும். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் பொங்கியது அது மட்டும் இல்லை. பதினைந்து வயதில் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து, உலகத்தில் தான் ஒருத்திதான் அழுதவள் என்று நினைத்தாளே அந்தப் பெண், அவளுக்காகப் பொங்கியது. சுற்றிலும் பார்த்தாள். இருபது கறுத்த உதடுகள், எல்லாம் அழுதவை. நாற்பத்துமூன்று வருஷம் இவளோடு சந்தைக்கு வந்தவர்கள், ஒரே தட்டில் தின்றவர்கள்.

"ஒருத்தியாவது சொல்லியிருக்கலாமேடி!" என்று அவர்களைப் பார்த்துக் கத்தினாள். தொண்டை கட்டிப்போயிருந்ததால் சத்தம் வரவில்லை.