உப்புக் கிடங்கு முக்கில் ஒரு கண்ணாடி

எவர்சில்வர் கரண்டியில் எல்லோரும் முகம் பார்த்திருப்போம். முதுகுப் பக்கம் பார்த்தால் சுற்றியிருப்பதெல்லாம் அதற்குள் குட்டியாக அடங்கிவிடும். குழிப் பக்கம் பார்த்தால் ஆள் தலைகீழாகத் தெரிவான். ஒரே கரண்டிதான், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. இட்லிக் கடை பேச்சித்தாய்க்கு இது தெரியும். இது தெரியாதவர்களும், தெரிந்தும் வாயைத் திறக்காத ஒருவரும் சேர்ந்து அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் செந்தூர்வேல். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து டிரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஓர் உப்புக் கிடங்கு. அதன் மதில் தார் ரோடு வரைக்கும் நீட்டிக்கொண்டு நிற்கும். எவன் கட்டினானோ, எவன் அனுமதி கொடுத்தானோ. இந்தப் பக்கம் வருகிறவனுக்கு அந்தப் பக்கம் ஒரு யானை நின்றாலும் தெரியாது. உப்பளத்துக்குப் போகிற பெண்களும் சைக்கிள்காரர்களும் எங்களைப் போன்ற பெரிய வண்டிகளும் அந்த முக்கில்தான் திரும்பியாக வேண்டும்.

பேச்சித்தாயின் கடை அந்த முக்கிலேயே இருக்கிறது. ஆற்றங்கரை வயற்காட்டு ஊரில் பிறந்து, உப்பு மூட்டை ஏற்றுகிற சங்கரலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமாகிச் சில வருஷத்தில் அதே முக்கில் ஒரு லாரி சங்கரலிங்கத்தின் சைக்கிளை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி அவருக்கு. கடைக்குத் தண்ணீர் அவர்தான் கொண்டுவருவார். குழாய் மதிலுக்கு அந்தப் பக்கம். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "சும்மா உக்காந்து திங்கச் சொல்லுதியா" என்பார். அவர் குடத்தோடு கிளம்பிவிட்டால் திரும்பி வருகிறவரை அவள் கை இட்லித் தட்டில் இருந்தாலும் காது ரோட்டில்தான் இருக்கும்.

ஒரு வேகத்தடை போடுங்கள் என்று அவள் கேட்காத ஆள் இல்லை. அந்த ரோடு எங்களுடையது இல்லை என்றார்கள் ஓர் ஆபீசில். இன்னொரு ஆபீசிலும் அதையேதான் சொன்னார்கள். அப்படியென்றால் அது யார் ரோடு? ஆகாயத்திலிருந்து விழுந்ததா?

கடைசியில் உதவியது ஜெஸ்டின். கண்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர், அவள் கடையில் தினமும் சாப்பிடுகிறவர். யார்டை மூடியபோது வாசலில் நின்ற வட்டக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். டிரைவர்கள் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கம்பம் நட்டு மாட்டினோம். வெளியே புடைத்த கண்ணாடி அது. எங்கள் வண்டியின் சைடு கண்ணாடியும் அந்த ஜாதிதான். தட்டைக் கண்ணாடியில் ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் தெரியும். புடைத்த கண்ணாடியோ நாலா பக்கத்து வெளிச்சத்தையும் வாங்கி, ரோடு முழுவதையும் சின்னதாக்கிக் காட்டிவிடும். அதில் ஒரு வம்பும் உண்டு. சின்னதாகத் தெரிவதால் வண்டி எங்கேயோ தூரத்தில் வருகிறது என்று தோன்றும். உண்மையில் பக்கத்தில் வந்திருக்கும்.

பேச்சித்தாய் இதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவாள். "குட்டியாத் தெரியுதேன்னு ஏமாந்துராதிய. தெரிஞ்சா வந்துட்டுன்னு அர்த்தம். நின்னுருங்க." சங்கரலிங்கம் மதிலருகே நிறுத்தி, நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அந்த நாட்களில்தான் அவள் நிம்மதியாக இட்லி அவித்தாள்.

அதற்கு வந்தது கேடு, எதிர்க்கடை தாணுலிங்கம் அண்ணாச்சி வடிவில். கயிறும் சாக்கும் விற்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சங்கரலிங்கம் அடிபட்ட அன்றைக்குத் தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர்தான். ஆனால் கண்ணாடி வந்த மாதம் அவர் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. நம் பக்கம்தான் தெரியுமே, கடை வாசலில் திருஷ்டிக்குக் கண்ணாடி மாட்டினால் பார்க்கிறவன் கண்ணேறு திரும்பிப் போய்விடும் என்பார்கள். இங்கே கண்ணாடி ரோட்டில் நின்று அவர் கடையைப் பார்த்ததா, ரோட்டில் போகிறவன் கண்ணெல்லாம் தன் கல்லாவில் விழுகிறது என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார்.

பதிலுக்கு அவரும் ஒரு கண்ணாடி வாங்கினார். கடைக்காரன் காட்டியதில் முகம் எதில் பெரிதாகத் தெரிந்ததோ அதை எடுத்தார். "மூஞ்சியவே இம்புட்டுப் பெருசாக் காட்டுதுன்னா இதுக்குச் சக்தியும் பெருசாத்தான இருக்கும்" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். அது ஷேவிங் கண்ணாடி. உள்ளே குழிந்தது. வெள்ளிக்கிழமை சூடம் காட்டி வாசலில் கிழக்கே பார்த்து மாட்டினார்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறியது. குழிந்த கண்ணாடி தன்மேல் விழுந்த வெயில் முழுவதையும் வாரிச் சுருட்டி ஒரே புள்ளியில் கொண்டுபோய்க் கொட்டும். அந்தப் புள்ளி கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழத்தில் விழுந்தது. அங்கே தொங்கியது நன்றாகக் காய்ந்த தென்னங்கயிற்றுக் கட்டு. முதலில் புகை, பிறகு நெருப்பு. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தது யார்? பேச்சித்தாய். சங்கரலிங்கம் கொண்டுவந்த குடத்துத் தண்ணீர்.

நெருப்பு வைத்தது ரோட்டுக் கண்ணாடி என்று அண்ணாச்சி திங்கட்கிழமை புகார் கொடுத்தார். வேகத்தடைக்கு வராத ஆபீஸ், கண்ணாடியைக் கழற்ற மறுநாள் காலையிலேயே ஏணியோடு வந்து நின்றது. அப்போது மட்டும் ரோடு அவர்களுடையதாகிவிட்டது.

பேச்சித்தாய் கரண்டியோடு ஓடினாள். "சார், எங்க கண்ணாடி கரண்டியோட முதுகு மாதிரி. வெயில செதற அடிக்கும், ஒரு எடத்துல சேக்காது. அண்ணாச்சி மாட்டியிருக்கது குழி. அதுதான் சுட்டுச்சு. நீங்களே பாருங்க." இரண்டு கயிற்றுத் துணுக்குகளை எடுத்தாள். ஒன்றை எங்கள் கண்ணாடி முன்னால் ஏணியில் ஏறி நான் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை அண்ணாச்சியின் கண்ணாடிக்கு முன்னால் அவள் பிடித்தாள். சட்டென்று புகைந்தது. விரலைச் சுட்டுக்கொண்டு உதறினாள்.

வந்த அதிகாரி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புகார் இந்தக் கண்ணாடி மேலதாம்மா."

அவரை விடுங்கள். அண்ணாச்சி புகையைப் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சூடம் காட்டி மாட்டியது தன் கடைக்கே கொள்ளி வைத்தது என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. தன் கண்ணாடியைச் சத்தமில்லாமல் கழற்றி உள்ளே கொண்டுபோனார். எங்கள் கண்ணாடி குப்பை வண்டியில் ஏறிப் போயிற்று. கௌரவம் பெரிதாம், ஒரு மனுஷனின் மிச்சமிருக்கிற காலை விட.

அன்றிலிருந்து சங்கரலிங்கம் கிளம்பும்போதெல்லாம் பேச்சித்தாய் அடுப்பை விட்டுவிட்டு மதில் முனையில் போய் நிற்கிறாள். இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டுகிறாள். அவள் நிற்பதைப் பார்த்து உப்பளத்துப் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? இட்லி குழைந்தது, சாம்பார் அடிப்பிடித்தது. சாப்பிட வருகிறவர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

போன வாரம் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாணுலிங்கம் அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து மதிலருகே நிறுத்தினார். தயங்கித் தயங்கி, கடைப் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"ஏளா பேச்சித்தாய், அங்கன வண்டி ஏதும் வருதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு முனைக்குப் போனாள்.

"வருது அண்ணாச்சி. நில்லுங்க."

டிரெய்லர் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு கடந்தது. அவர் நின்றிருக்காவிட்டால் ஸ்கூட்டர் அதன் அடியில் போயிருக்கும்.

"இப்பப் போங்க."

அவர் போகவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"கண்ணாடிக்குக் கால் வலிக்காது அண்ணாச்சி. எனக்கு வலிக்கி."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் சங்கரலிங்கத்தின் வண்டிச் சக்கரம் கிரீச்சிடுவது கேட்டது. அவள் மறுபடியும் முனைக்குப் போய் நின்றாள்.