சுண்டிப் பார்க்காத கேமரா

கேமரா வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையைத் தரம் பிரிக்கிற கை, சாகும்வரை அதையேதான் செய்ய வேண்டுமா? காதுகுத்து, வளைகாப்பு என்று நாலு விசேஷத்துக்குப் படம் எடுத்தால் அந்தத் தூசியை விட்டு வெளியே வந்துவிடலாம். எனக்கு அது ஆசைகூட இல்லை, வெறி.

கடலூர்க் கடையில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று இரண்டு டிஎஸ்எல்ஆர் எடுத்துக் காட்டினார்கள். ஒன்று கைக்கு அடக்கம், விலையும் குறைவு. இன்னொன்றில் மெகாபிக்சல் அதிகம். யூடியூபில் ஒருத்தர் மெகாபிக்சலைப் பார்க்காதே, லென்ஸைப் பார் என்கிறார். அடுத்தவர் அவரையே திட்டுகிறார். தலை சுற்றிப்போய், கடைசியில் விலை குறைந்ததே போதும் என்று முடிவு செய்தேன். சீட்டுப் பணம் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

வேலையில் என் எதிரே உட்காருகிறவள்தான் எனக்கு உயிர்த் தோழி. அவள் கணவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார்.

"புதுசு எதுக்குடி? எங்க வூட்டுக்காரரு அவரு கேமராவ விக்கப்போறாரு. அதே வெலைக்கு ஒசத்தி மாடலு. நான் பாத்துட்டேன், நல்லா இருக்குது."

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. சூளையிலிருந்து வந்த பொம்மையை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்போம். ணங்கென்றால் நல்லது, மங்கலாகக் கேட்டால் உள்ளே விரிசல். ஒருத்தி சுண்டிவிட்டேன் என்று நீட்டினால் மற்றவள் மறுபடி சுண்டமாட்டாள், அப்படியே வைக்கோலில் வைப்பாள். மறுபடி சுண்டினால் அது அவளை அவமானப்படுத்துவது மாதிரி. அந்தக் கேமராவையும் நான் அப்படித்தான் வாங்கினேன், யாரிடமும் காட்டாமல்.

முதல் வேலை, ஸ்ரீமுஷ்ணத்தில் தூரத்துச் சொந்தத்தின் காதுகுத்து. மொட்டை போட்டு, குழந்தையை மடியில் வைத்து, ஆசாரி காதைப் பிடிக்கிறார். கேமரா கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அணைத்துப் போட்டேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். குழந்தை அலறி முடித்துவிட்டது. அப்புறம் எல்லாரும் போனில் எடுத்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

கடலூரில் ரிப்பேர்காரர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "இதுவாம்மா? ஷட்டரு தேஞ்சு போச்சு, இனிமே நம்பி எடுக்காதீங்கன்னு அந்த ஸ்டுடியோக்காரர்கிட்ட அப்பவே சொன்னேனே. அவரு சம்சாரமும் கூடத்தான் வந்திருந்தாங்க."

அவள் கணவர் வியாபாரி, ஏமாற்றினார் என்று விட்டுவிடலாம். இவளுமா?

மறுநாள் டீ நேரத்தில் கேட்டேன். தெரிந்துதானே கொடுத்தாய் என்று. அவள் அழுவாள், இல்லை என்று சாதிப்பாள் என்று நினைத்தேன். இரண்டுமில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"கோச்சிக்காதடி. நாலு நாளு ஆசைக்கு எடுத்துட்டு பரண்ல போட்டுடுவன்னு நெனச்சேன். நீ நெசமாவே எடுக்கப் போவன்னு யாரு கண்டா?"

பொய் சொன்னதைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன். இதை எப்படி மன்னிப்பது? மேஸ்திரியிடம் போய் வேறு மேசை கேட்டேன். ஏன் என்றார். அங்கே ஃபேன் காற்று வரவில்லை என்றேன்.